கெளுத்தி முள் குத்திய இடம்

தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தோம். காலில் முள் ஏறினாலோ கிளிஞ்சல் அறுத்தாலோ இரண்டே நாளில் அங்கே எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கும். முள்ளைப் பிடுங்கிவிட்டால் தானாக வடிந்துவிடும். ஏரியில் இறங்கிப் பிழைக்கிற எங்களுக்கு இதெல்லாம் ஒரு வியாதியே இல்லை. அதனால் என் வீட்டுக்காரர் வேட்டியை ஒதுக்கிக் காட்டியபோது நான் வீக்கத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பிடித்தேன்.

"நீட்டுய்யா. எங்க ஏறிக்கீதுன்னு பாக்கறேன்."

"ஒண்ணும் ஏறலடி."

"ஏறாம எப்படி நெறி கட்டும்? ஊருக்கெல்லாம் ஒரு ஒடம்பு, உனக்கு மட்டும் தனியா செஞ்சி அனுப்பினாங்களா? நீட்டு காலை."

நீட்டினார். எண்பத்து நாலாம் வருஷம், மாசி மாதம், மதியச் சோறு முடிந்த நேரம். எங்கள் குப்பத்துக்கு மூன்று பக்கமும் பழவேற்காடு ஏரி. வெயில் சாய ஆரம்பித்தால் தண்ணீரின் வெளிச்சம் வாசல் வழியாக உள்ளே நுழைந்து கூரையில் அசைந்துகொண்டே இருக்கும். அதைப் பார்த்தபடி படுத்தால் வீடே மெல்ல எங்கோ நகர்ந்து போகிற மாதிரி இருக்கும். அவர் காலை மடியில் போட்டுக்கொண்டு விரலால் தடவித் தடவித் தேடினேன்.

என் விரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கலங்கல் தண்ணீரில் கழுத்தளவு உட்கார்ந்து, சேற்றைத் தடவி, கண்ணால் பார்க்காமலே இறால் பிடிக்கிறவள் நான். எது கல், எது கிளிஞ்சல், எதற்கு உயிர் இருக்கிறது என்று என் விரல் நுனிக்குத் தெரியும். என் வாயைப் பற்றியும் நானே சொல்லிவிடுகிறேன், எப்படியும் ஊர் சொல்லிவிடும். லோகநாயகி வாயைத் திறந்தால் மணலில் காய்கிற கருவாடு தானாகத் திரும்பிப் படுக்கும் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ராஜவேலு என்கிற அந்த மனுஷனோடு பதினாலு வருஷம் குடித்தனம் நடத்த எனக்கு அந்த வாய் தேவைப்பட்டது.

அன்றைக்கு விரலுக்கு ஒன்றும் அகப்படவில்லை. பழைய தழும்புகள் இருந்தன, ஏராளமாக. புதுசாக ஒரு முள் இல்லை, ஒரு கீறல் இல்லை.

பத்து நாள் மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டேன். வீக்கம் வடியவில்லை. வலிக்கவும் இல்லை. வலிக்கிற வீக்கமென்றால் எனக்கு வழி தெரியும், வலிக்காத வீக்கத்தை என்ன செய்வது? என் சிநேகிதி ரங்கம்மாள் வந்து பார்த்தாள். கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்குகிற சூளையில் அவளுக்கு வேலை. எத்தனை தேய்த்துக் குளித்தாலும் அவள் கை வெள்ளையாகப் பூத்துத்தான் இருக்கும்.

"புண்ணு இல்லாம நெறி கட்டினா அது நெறியே இல்ல லோகு. கம்முனு பொன்னேரிக்கு இட்டுகினு போ," என்றாள்.

நான் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வெள்ளையைப் பார்த்ததும் எதுவோ ஞாபகத்துக்கு வரப் பார்த்தது. என்னவென்று அப்போது பிடிபடவில்லை.

பொன்னேரி டாக்டர் அழுத்திப் பார்த்தார். மருந்து எழுதவில்லை, சீட்டுதான் எழுதினார். மகளை ரங்கம்மாளிடம் விட்டுவிட்டு, அந்தச் சீட்டோடு ரயிலேறி மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். கட்டியை வெட்டி எடுத்தார்கள். வார்டு ஆயா மேரிக்கு எங்கள் பக்கத்துத் திருப்பாலைவனம்தான் ஊர். எங்கள் பேச்சைக் கேட்டதும் வந்து ஒட்டிக்கொண்டாள். அவள்தான் என் காதோடு சொன்னாள்.

"கட்டி உள்ளார ஒரே கறுப்பாம்கா. கணவா மை மாதிரி. டாக்டருங்கோ எல்லாம் வந்து வந்து பாத்துட்டுப் போனாங்கோ."

"வாயைக் கழுவுடி! மனுசன் ஒடம்புல எங்கருந்துடி வரும் கறுப்பு?" என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. மேரி போய் எனக்கு ஒரு டீ வாங்கிக்கொண்டு வந்தாள்.

ஒரு வாரம் கழித்து டாக்டர் இளங்கோவன் என்னை அறைக்குக் கூப்பிட்டார். சின்ன வயசு. பேசும்போது பேனாவை மூடித் திறந்து மூடித் திறந்து கொண்டிருப்பார்.

"இது ஒரு வகைப் புற்றுநோய்மா. மெலனோமான்னு பேரு. தோலுக்கு நிறம் குடுக்கற அணு இருக்கு இல்லையா, அதுல வர்றது. வழக்கமா ஏதாவது ஒரு மச்சத்துல ஆரம்பிக்கும். அப்பறம் நெறிக்கு வரும். அங்கருந்து உள்ளே போகும். உங்க வீட்டுக்காரருக்கு நெறியில இருக்கு. ஆனா ஆரம்பிச்ச இடத்தைத்தான் காணோம்."

"காணோம்னா?"

"தேடணும். தெரிஞ்சா அதையும் வெட்டி எடுத்துடலாம்."

தெரிஞ்சா வெட்டி எடுத்துடலாம். அந்த ஒரு வார்த்தையை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அதற்கு முன்னால் சொன்னதும் பின்னால் சொன்னதும் என் காதில் நிற்கவே இல்லை. நாங்கள் முள்ளைத் தேடினோம், இவர்கள் மச்சத்தைத் தேடுகிறார்கள், கிடைத்துவிட்டால் ஆள் பிழைத்துவிடுவார். அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது.

தேடினார்கள். தலைமுடியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார்கள். கண்ணுக்குள் விளக்கு அடித்தார்கள். வாய்க்குள், நகத்துக்கு அடியில், சொல்லக்கூடாத இடத்தில் எல்லாம் பார்த்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே, "இன்னா சார், வலையில ஓட்டை தேடற மாதிரி தேடறீங்கோ," என்றார். நர்சுகள்கூட சிரித்தார்கள். எங்கே போனாலும் பத்து நிமிஷத்தில் நாலு பேரைச் சிரிக்க வைத்துவிடுவார், அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்ததும், பத்திக்கொண்டு வந்ததும்.

சாயங்காலம் டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக் கேட்டார்.

"முன்னாடி எங்கேயாவது ஒரு மச்சம் இருந்து, அப்பறம் இல்லாம போச்சா? தானா விழுந்திருக்கலாம். யாராவது சுட்டிருக்கலாம். நல்லா யோசிச்சு வைங்க. நாளைக்குக் காலையில பாதத்தைப் பாக்கணும். அப்பக் கேக்கறேன்."

கருவாட்டைத் திருப்பிப் போடுகிற வாய் அப்படியே ஒட்டிக்கொண்டது.

எழுபத்திரண்டில் எங்களுக்கு மகள் பிறந்தாள். அவள் பிறந்தபோது அவர் ஊரில் இல்லை, வடக்கே போயிருந்தார். அது அவருக்கு ஒரு கோளாறு. தெற்கத்திக் காற்று விழுந்துவிட்டால் கால் நிற்காது. படகின் பாயை ஏற்றிக்கொண்டு ஏரியோடேயே வடக்கே, ஆந்திராப் பக்கம் போய்விடுவார். ரெண்டு நாளில் வருகிறேன் என்று போனால் ரெண்டு மாசம் ஆகும். எவன் வலையிலாவது சேர்ந்துகொள்வார், எவன் வீட்டிலாவது சாப்பிடுவார், தெலுங்குப் பாட்டுக் கற்றுக்கொண்டு வருவார். பொம்பளை சமாச்சாரமோ என்று ஆள் வைத்துக்கூட விசாரித்தேன். இல்லை. இருந்திருந்தால் போய் நாலு கேள்வி கேட்டு இழுத்துக்கொண்டு வந்திருப்பேன். தண்ணீரைப் போய் நான் என்ன கேட்பது?

போகாதே என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த வார்த்தை எனக்கு வராது. "போய்த் தொலை, இந்தப் பக்கமே வராத," என்று கரையில் நின்று கத்துவேன். அவர் அங்கிருந்து கையை ஆட்டுவார். வீட்டுக்கு வந்து பாத்திரத்தைப் போட்டு உருட்டுவேன்.

குழந்தைக்கு நாற்பது நாள் ஆனபோது வந்து நின்றார், ஒரு தெலுங்குத் தாலாட்டோடு. தூளியை ஆட்டிக்கொண்டு பாடவும் செய்தார். எனக்கு அவரைக் கொன்று போடலாம் போல இருந்தது. அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு அவர் தூங்கியபோதுதான் அவர் காலைப் பார்த்தேன். இடது உள்ளங்காலில், குழிவான இடத்தில் ஒரு கறுப்பு மச்சம். கல்யாணத்தின்போது மிளகு அளவு இருந்தது. அப்போது புளியங்கொட்டையில் பாதி அளவுக்கு, ஓரமெல்லாம் பிசிறு பிசிறாக இருந்த மாதிரி ஞாபகம். ஞாபகம்தானா, பிற்பாடு நானே சேர்த்துக்கொண்டதா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

உள்ளங்காலில் மச்சம் இருக்கிற ஆண் வீடு தங்க மாட்டான் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. ரங்கம்மாளிடம் போய்ச் சொன்னேன்.

"அதுக்கு இன்னா, எடுத்துட்டா போச்சி," என்றாள் அவள். "சுண்ணாம்பும் சலவை சோடாவும் கொழச்சி வை. ஏழு நாள்ல உதுந்துரும்." சூளையிலிருந்து அன்று சுட்ட சுண்ணாம்பையே இலையில் மடித்துக்கொண்டு வந்து கொடுத்தாள்.

ஏழு மதியம். விடியற்காலையில் வலைக்குப் போய் வருகிறவர், சாப்பிட்டதும் கட்டை மாதிரி தூங்குவார். ஏரித் தண்ணீரில் ஊறி ஊறி அவர் பாதம் செருப்புத் தோல் கணக்காகத் தடித்திருக்கும். காலை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ஈர்க்குச்சி முனையால் தொட்டு, கறுப்பின் மேல் மட்டும் வைப்பேன். கூரையில் வெளிச்சம் அசையும். தூளியில் குழந்தை மூச்சு விடுகிற சத்தம் கேட்கும். அந்த ஏழு மதியங்களும் எனக்கு ஒரே மதியமாகத்தான் நினைவிருக்கிறது, நீளமாக, முடியாமல்.

எட்டாம் நாள் கறுப்புப் பொருக்கு கையோடு வந்தது. கொண்டுபோய் ஏரியில் எறிந்துவிட்டு வந்தேன். அவர் எழுந்து உட்கார்ந்து காலைத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாடி, கால்ல என்னமோ எரியுது?"

"கெளுத்தி முள்ளு குத்திக்கீதுய்யா. சுண்ணாம்பு வெச்சேன். ரெண்டு நாள் தண்ணில எறங்காத."

கெளுத்தி மீன் குத்தினால் எல்லோரும் சுண்ணாம்புதான் வைப்போம். அதனால் என் பொய் கச்சிதமாகப் பொருந்தியது. அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "குத்தியிருக்கும்," என்றார்.

அதற்குப் பிறகு அவர் வடக்கே போகவில்லை. பன்னிரண்டு வருஷம். தெற்கத்திக் காற்று விழும்போதெல்லாம் நான் பயந்துகொண்டே இருப்பேன். அவர் கரையில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். சுண்ணாம்பு ஜெயித்துவிட்டது என்று நினைத்தேன். சந்தோஷமாக இருந்தேன், அதை மறைக்க என்ன இருக்கிறது?

ஆஸ்பத்திரியில் மறுநாள் காலை டாக்டர் இளங்கோவன் ஒரு பூதக்கண்ணாடியோடு வந்தார். என் வீட்டுக்காரரின் பாதங்களைத் தலையணைமேல் தூக்கி வைத்து, ஒவ்வொரு தழும்பாகத் தொட்டுத் தொட்டுக் கேட்டார். இவர் கதை சொல்கிற தோரணையில் படுத்துக்கொண்டு பதில் சொன்னார்.

"இது?"

"கிளிஞ்சல் சார். எட்டு வயசுல."

"இது?"

"படகு ஆணி. பொங்கல் அன்னிக்கி."

"இது ரொம்ப ஆழமா இருக்கே?"

"திருக்கை வாலு சார். செத்துப் பொழச்சேன் அன்னிக்கி."

எல்லாவற்றையும் டாக்டர் எழுதிக்கொண்டார். விரல் இடது உள்ளங்காலின் குழிக்கு வந்தது. அங்கே காலணா அளவுக்கு வெளுப்பாக, வழவழப்பாக ஒரு இடம். நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் இவர் சொன்னார்.

"அது கெளுத்தி முள்ளு சார். குத்திச்சி. சுண்ணாம்பு வெச்சோம். ரெண்டு நாள் தண்ணில எறங்கல."

"அங்க முன்னாடி மச்சம் ஏதாவது இருந்துதா?"

"எனக்கு ஒடம்புல மச்சமே கெடையாது சார். இந்தக் கறுப்புக்கு மேல மச்சம் வேற எதுக்கு?"

டாக்டர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே எழுதினார்.

நான் சொன்ன பொய், நான் சொன்ன அதே வரிசையில், ஒரு சொல் பிசகாமல் வந்தது. இந்த மனுஷன் அதை நம்பித்தான் இத்தனை வருஷம் வைத்திருந்தாரா, இல்லை தெரிந்தே சொல்கிறாரா? அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சுற்றுகிற காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று நாள் நான் சோறு தின்னவில்லை. சொன்னால் நான்தான் இவருக்கு வைத்தேன் என்று ஆகும். மகள் என் முகத்தில் விழிப்பாளா? அவர் விழிப்பாரா? சொல்லாவிட்டால் இடம் தெரியாமல் போகும், வெட்டாமல் விடுவார்கள், ஆள் போய்விடுவார். வராண்டாச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே எனக்குக் கண் சொக்கும். சேற்றில் கையை விட்டுத் தடவுகிறேன், கைக்கு ஒரு பாதம் அகப்படுகிறது. வெதுவெதுப்பாக இருக்கிறது. இழுத்தால் வழுக்கிக்கொண்டு அடியில் போய்விடுகிறது. மறுபடி தடவுகிறேன். மேரி தோளைத் தொட்டு எழுப்பும்போது என் விரல்கள் சிமெண்ட் தரையைப் பிறாண்டிக்கொண்டிருக்கும்.

"இன்னாக்கா தேடற?" என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

நாலாம் நாள் டாக்டர் அறைக்குள் நானே போய் நின்றேன்.

"சார், அது கெளுத்தி முள்ளு இல்ல. அங்க மச்சம் இருந்துச்சி. நான்தான் சுட்டேன். அவரு தூங்கசொல்ல சுண்ணாம்பு வெச்சி சுட்டேன். அவருக்குத் தெரியாது." மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். "காலை வேணும்னா எடுத்துக்கோங்கோ சார். முட்டியோட வேணும்னாலும் எடுத்துக்கோங்கோ. படகை நான் தள்ளிக்கறேன். ஆளைக் குடுத்துடுங்கோ."

அவர் பேனாவைத் திறந்தார், மூடினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது. "சொன்னது நல்லதுமா," என்று மட்டும் சொன்னார்.

அன்றே அந்தத் தழும்பிலிருந்து ஒரு துண்டு வெட்டி எடுத்தார்கள். இவர் ஏன் என்று கேட்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. ஐந்து நாள் கழித்து டாக்டர் கூப்பிட்டார்.

"அங்க ஒண்ணும் இல்லமா. வெறும் தழும்பு."

"அப்ப அங்கதான் ஆரம்பிச்சிதா, இல்லையா?"

"தெரியாது. அந்த மச்சத்துல ஆரம்பிச்சிருக்கலாம். வேற எங்கேயோ ஆரம்பிச்சு, உடம்பே அதை அழிச்சிருக்கலாம். அப்படியும் சில பேருக்கு நடக்கும். எது நடந்துதுன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது."

"நான் சுட்டதால வந்துதா சார்?"

"சுட்டதால இது வராதும்மா. ஒருவேளை அந்த மச்சம் அப்பவே கெட்டதா இருந்து, அப்பவே எங்ககிட்ட வந்திருந்தா..." பாதியில் நிறுத்திக்கொண்டார். பேனாவைக் கீழே வைத்தார். "அதை யோசிக்காதீங்க. எக்ஸ்ரேல நுரையீரல்லயும் தெரியுது. இடம் தெரிஞ்சிருந்தாலும் இனிமே வெட்டறதுக்கு ஒண்ணும் இல்லை. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டச் சொன்னேன். ஆரம்பித்த இடம் தெரியவில்லை என்று எழுதியிருப்பதாகச் சொன்னார். நீதான் என்றும் யாரும் சொல்லவில்லை, நீ இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தக் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்து, வராண்டாவில் எல்லோரும் பார்க்க அழுதேன்.

ரயில், பிறகு பஸ். ரங்கம்மாளின் புருஷன் எங்கள் படகைப் பழவேற்காட்டுத் துறையில் கொண்டுவந்து கட்டிவைத்திருந்தார். என் வீட்டுக்காரரை வலைமேல் படுக்க வைத்துவிட்டு நான் கழியை ஊன்றித் தள்ளினேன். உச்சி வெயில். காற்றே இல்லை. தண்ணீருக்கும் வானத்துக்கும் ஒரே நிறம், நடுவில் கோடுகூட இல்லை. நாங்கள் எதன்மேல் போகிறோம் என்பதே தெரியாத மாதிரி இருந்தது. பாதி தூரம் வந்தபிறகு அவர் பேசினார்.

"எதுக்குடி சொன்ன?"

"இன்னாத்த?"

"டாக்டரண்ட. நான்தான் கெளுத்தி முள்ளுனு சொல்லிட்டேன் இல்ல? அத்தோட முடிஞ்சி போச்சி. நடுவுல பூந்து உன்னை யாரு சாட்சி சொல்லச் சொன்னாங்கோ?"

கழி சேற்றில் இறங்கியிருந்தது. கையை எடுத்துவிட்டேன். அது அங்கேயே செங்குத்தாக நின்றது, படகு மட்டும் நகர்ந்து வந்துவிட்டது.

"உனக்குத் தெரியுமா?"

"உள்ளங்கால்ல சுண்ணாம்பு வெச்சா பொணத்துக்குக்கூட தெரியும்டி."

"தெரிஞ்சி எதுக்குய்யா கம்முனு படுத்துகினு இருந்த? ஏழு நாளு! பேமானி, ஏழு நாளு!"

"கத்தாத. இன்னிக்கித்தான் தையல் பிரிச்சாங்கோ." கண்ணை மூடிக்கொண்டார். "மொத நாளு இன்னா பண்றான்னு பாக்கலாம்னு இருந்தேன். ஒண்டிக்கண்ணால பாத்தேன். நீ பல்லைக் கடிச்சிகினு அழுதுகினு இருந்த."

"நான் ஒண்ணும் அழல."

"அழுத. மூக்கை முந்தானைல தொடச்சிகினு அழுத. போவாதன்னு ஒரு வார்த்தை, அது உன் வாய்ல வரல. சுண்ணாம்பால சொல்லிகினு இருந்த. எனக்கு இன்னொரு நாள் கேக்கலாம்னு தோணிச்சி. அப்பறம் இன்னொரு நாளு. அப்படியே ஏழு நாள் ஆயிட்டுது."

"அப்ப மச்சம் போனதால இல்லையா நீ வடக்கால போவாம இருந்தது?"

"மச்சத்துக்கு இன்னாடி தெரியும்?"

எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. புடவையோடு தண்ணீரில் குதித்தேன். இடுப்பளவுதான். சேற்றில் காலை உழுதுகொண்டு கழி நிற்கிற இடத்துக்கு நடந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். தூங்குகிறார் என்று நினைத்து நான் வைத்தேன். தூங்குகிற மாதிரி நடித்து அவர் வாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் சேர்ந்து அதைச் சுட்டிருக்கிறோம். யாராவது ஒருவர் கண்ணைத் திறந்திருந்தால், யாராவது ஒருவர் வாயைத் திறந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டே கழியைச் சேற்றிலிருந்து பிடுங்கினேன்.

பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

"சீக்கிரம் வாடி. படகு வடக்கால போவுது."

திரும்பிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு மூன்று மாசம் இருந்தார். சித்திரை போய், வைகாசி போய், தெற்கத்திக் காற்று விழுந்தது. இளைத்துவிட்டார். இருமினால் விலாவைப் பிடித்துக்கொள்வார். நான் இறால் பிடிக்கப் போவதை விட்டுவிட்டேன். ரங்கம்மாள் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, அவர் காலைப் பார்க்காமல் போய்விடுவாள். அவளையும் நான் ஒன்றும் கேட்கவில்லை.

காய்ச்சலில் அவர் வடக்கே போக ஆரம்பித்தார். படுத்தபடியே போவார். பன்னிரண்டு வயசு மகள் பக்கத்தில் உட்கார்ந்து, "நைனா, இப்ப எங்க கீற?" என்று கேட்பாள். கண்ணைத் திறக்காமலே சொல்லுவார்.

"தண்ணி இங்க முட்டிக்கால் அளவுதான். அடியில மணல் தெரியுது. பாய் சும்மா தொங்குது, ஆனா படகு போய்க்கினே கீது."

"யாரு யாரு கீறீங்கோ?"

"நானு. நீ. உங்கம்மா பின்னால உக்காந்துகினு திட்டிகினு வரா."

எனக்கும் அதைக் கேட்டுக் கேட்டு, வீடு நிஜமாகவே நகர்கிறது என்று தோன்றும். கூரையில் வெளிச்சம் அசைந்துகொண்டே இருக்கும். நாங்கள் மூன்று பேரும் எங்கோ போய்க்கொண்டே இருந்தோம். அந்த மூன்று மாசத்தில் நான் அவரைத் திட்டவே இல்லை என்று சொன்னால் பொய். திட்டினேன். கஞ்சி குடிக்காததற்கு, மாத்திரையைத் துப்பியதற்கு, சிரித்ததற்கு.

ஒரு மதியம் அவர் தானாகவே இடது காலை என் மடியில் தூக்கி வைத்தார். தூக்குவதற்கு ரொம்ப நேரம் ஆயிற்று. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார். அந்த இடத்தை விரலால் தொட்டேன். டாக்டர் வெட்டின வடு ஒரு சின்னக் கோடாக இருந்தது, அதற்குக் கீழே என் வடு. மூச்சு ஒன்று வந்தது. நெடுநேரம் கழித்து இன்னொன்று வந்தது.

தூங்குகிறாரா, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஏற்கெனவே ஏழு நாள் ஏமாந்தவள் நான்.

"போவாதய்யா," என்றேன்.

குரல் எனக்கே புதுசாக இருந்தது. வாசலில் இருந்த மகள் திரும்பிப் பார்த்தாள்.

"போவாத. கேக்குதா? வாயால சொல்றேன். போவாத."

கால் கட்டைவிரல் என் உள்ளங்கையில் ஒருமுறை அசைந்தது. கூரையில் ஆடின வெளிச்சம் அவர் கால்மேலும் ஆடியிருக்கலாம். எனக்கு அசைந்த மாதிரித்தான் இருந்தது. மறுபடி அசையும் என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். வெளிச்சம் கூரையிலிருந்து இறங்கி, சுவருக்கு வந்து, வாசல் வழியாக வெளியே போய்விட்டது. சூளையில் வேலை முடிந்து ரங்கம்மாள் வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் காலிலிருந்து என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.